பாறை காலியாகும் வரை

போன வாரம் நான் ஆலையில் காப்பி ருசி பார்க்கும் ருசி ரூமுக்கு வந்திருந்தபோது, அங்கே வேலை செய்யும் உங்களில் ஒருவர் ஒரு கடிதத்தைக் காட்டினார். கொல்லிமலைச் செங்கொழுந்துக் காப்பி ஒவ்வொரு வருடமும் பங்குனியில்தான் நம் ஆலைக்கு வந்து சேர்கிறது. மற்ற மலைக் காப்பியெல்லாம் தை முடிவதற்குள் வந்துவிடுகிறது. எனவே அடுத்த பருவத்திலிருந்து தாமதமில்லாமல் பறித்துக் காயவைத்து அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று மலைக்காரர்களுக்கு எழுதிய கடிதம். நல்ல கடிதம்தான். மரியாதையான சொற்கள், தேடினாலும் ஒரு பிழை இல்லை. "அனுப்பிடலாங்களா ஐயா?" என்று கேட்டார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், மறுபடி மாட்டிக்கொண்டேன், எழுந்து வந்துவிட்டேன். பெரியவருக்குக் காது மந்தம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

காதெல்லாம் நன்றாகவே கேட்கிறது. இதே யோசனை எனக்கும் ஒரு காலத்தில் வந்தது, அதுதான் விஷயம். நான் கடிதம் எழுதவில்லை. நேரிலேயே மலையேறிப் போய்க் காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்தேன். நின்றபடி சொல்லி முடிக்கிற கதையாக இல்லாததால் எழுதித் தருகிறேன். அதுவரை அந்தக் கடிதம் மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும்.

நான் இந்த ஆலையில் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். கொல்லிமலை அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பா சோளமும் நிலக்கடலையும் போடுவார். மண்வெட்டி வேலைக்கு என் உடம்பு வணங்கவில்லை. இங்கே காப்பி மூட்டைகளுக்குச் சீட்டுக் கட்டும் வேலைக்கு வந்தேன். ஒருநாள் கேண்டீனில் காப்பியை வாயில் வைத்துவிட்டு, "நேத்து டிகாக்‌ஷனைக் கலந்துட்டாங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். கேண்டீன்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். பின்னால் நின்றிருந்த தலைமைச் சுவையாளர் அவரைப் பார்த்து, "கலந்தியா?" என்று மட்டும் கேட்டார். கேண்டீன்காரர் தலையைச் சொறிந்தார். மறுவாரமே என்னை ருசி ரூமுக்கு மாற்றிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வரிசையாக வைத்த கோப்பைகளில் கரண்டியால் மொண்டு, சத்தம் வர உறிஞ்சி, வாய் முழுக்கப் பரப்பித் துப்பிவிட்டு, எந்த மலை, எந்தச் சரிவு, காயும்போது மழை பட்டதா படவில்லையா என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். நாலு தடவை சரியாகச் சொன்னவன் ஐந்தாவது தடவை யாரையும் கேட்பதில்லை. என் வியாதி அதுதான், உங்களுக்கும் அது வரும்.

தலைமைச் சுவையாளரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயர் அடிபடுவது அவருக்குப் பிடிக்காது. பாடம் நடத்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். கோப்பையை என் பக்கம் நகர்த்துவார், நான் அளப்பதைக் கேட்பார், கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் ஒழிய அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு பங்குனி மாதம், பருவத்துக் காப்பியெல்லாம் வந்து ஓய்ந்த பிறகு, கொல்லிமலையின் திருப்புலி நாட்டுப் பகுதியிலிருந்து சின்னதாக ஒரு சரக்கு வந்தது. வழக்கமாக அதைக் கடைசி மூட்டைகளோடு கலந்து கட்டிவிடுவார்கள். அந்த வருடம் ஏனோ தலைமைச் சுவையாளர் அதைத் தனியாக வறுக்கச் சொல்லி, ஒரு கோப்பையை என் முன்னால் வைத்தார்.

சூடாகக் குடித்தபோது நாரத்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த வாசம். பிறகு மெல்லிய ஒரு கசப்பு. "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போகப் பார்த்தேன். அவர் என் கரண்டியைப் பிடித்துக்கொண்டார். "ஆறட்டும்" என்றார். ஆறிய பிறகு குடித்தால் அது வேறு காப்பி. காப்பி ஆறினால் அதன் குறையெல்லாம் வெளியே வரும், அது உங்களுக்கும் தெரியும். இது ஆறஆற இனித்தது. மலைத்தேனில் இருக்கும் அந்தக் காரமான இனிப்பு, தொண்டையில் இறங்கின பிறகும் நாக்கின் ஓரத்தில் தங்கியிருந்தது. நான் துப்பவில்லை. ருசி ரூமில் சேர்ந்த பிறகு நான் துப்பாமல் விழுங்கிய முதல் கோப்பை அது.

"இது எங்கிருந்து வருது?" என்று கேட்டார் அவர்.

"கொல்லிமலைங்க."

"சீட்டில் எழுதியிருக்கு, அது எனக்கும் தெரியும். இந்த ருசி எங்கிருந்து வருது?"

அவர் கேட்டது அதைத்தான், நான் விளங்கிக்கொண்டது வேறு. எந்த ரகம் என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சரக்கு ஏலத்தில் தனியாகப் போய் நல்ல பெயர் வாங்கிவிட்டது. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. என்னைக் கூப்பிட்டார். "இதே காப்பி தை மாசம் முதல் ஏலத்துக்கு வந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு. ஏன் லேட்டாகுதுன்னு நேர்ல போய்ப் பார்த்துட்டு வா" என்றார். அடிவாரத்துக்காரன், மலைக்காரர்களின் பேச்சு புரியும், நாக்கும் கெட்டிக்கார நாக்கு. என்னை விட்டால் யாரை அனுப்புவது?

அந்த மார்கழியில் கிளம்பினேன். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. காரவள்ளி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து கால்நடையாக ஏற வேண்டும். மலையிலிருந்து மூட்டைகளைத் தலைச்சுமையாக இறக்கும் செங்கோடன் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் பாதி வழியில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். "ஏனுங்க, வெறுங்கையோட ஏறவே இப்படிங்களா?" என்று கேட்டுவிட்டு, தலையில் இருந்த உப்பு மூட்டையோடு நின்றபடியே காத்திருந்தார்.

அந்தக் காப்பி பூவாயி என்பவருடைய தோட்டத்தில் விளைந்தது. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கணவர் அடிவாரத்தில் கட்டட வேலைக்குப் போய்விட்டு மாதம் ஒருமுறை வருவார். பூவாயிதான் சாமை விதைப்பார், பலாமர நிழலில் இருந்த நாற்பத்து மூன்று காப்பி மரங்களையும் பார்த்துக்கொள்வார். சாமை வயிற்றுக்கு. துணி, எண்ணெய், உப்பு, மற்ற எல்லாமே அந்த நாற்பத்து மூன்று மரங்களில்தான் இருந்தது.

மரத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்த மலையில் மற்ற இடத்தில் நான் பார்த்த செடிகளுக்குத் தளிர் பச்சை. இதற்குத் தளிர் புதுச் செம்புக்காசு நிறம். அதனால்தான் செங்கொழுந்து என்று பெயர். பழைய ரகம். இலையில் மஞ்சள் துரு நோய் விழும், காய்ப்பும் குறைவு. பெரிய எஸ்டேட்களில் இதை எப்போதோ அழித்துவிட்டார்கள்.

"இது எங்கிருந்து வந்ததுங்க?" என்று கேட்டேன். தோட்டக்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், அரபு தேசத்திலிருந்து யாரோ இடுப்பில் ஒளித்துக் கொண்டுவந்த கொட்டை என்பார்கள். பூவாயி அப்படியெல்லாம் அளக்கவில்லை.

"எங்க மாமனாருங்க சேர்வராயன் மலைல எஸ்டேட்டுக் கூலிக்குப் போயிருந்தாரு. வரும்போது துண்டுல முடிஞ்சுட்டு வந்தாரு. கலப்புக் கொட்டைங்க. செவப்புக் கொழுந்து, பச்சைக் கொழுந்து எல்லாம் மொளைச்சுது. பச்சையெல்லாம் அவரே வெட்டிப் போட்டுட்டாரு."

ஏன் வெட்டினார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் என் கண் கிளைகளின்மேல் இருந்தது. மார்கழி பிறந்தாயிற்று, பழம் இன்னும் பறிக்கவில்லை. சிவப்பு தாண்டி, கருஞ்சிவப்பு தாண்டி, சில கொத்துகள் கறுத்துச் சுருங்கவே தொடங்கியிருந்தன. எனக்குப் பதறிவிட்டது.

"ஏனுங்க, பழமெல்லாம் மரத்துலயே கறுக்குதே, பறிக்கலையா?"

"பாறை காலி ஆகலீங்களே" என்றார் பூவாயி.

ஊருக்குப் பக்கத்தில் அகலமான பாறை ஒன்று இருந்தது. ஊரார் எல்லோருக்கும் களம் அதுதான். ஒவ்வொரு வீட்டுச் சாமையும் கேழ்வரகும் அதன்மேல்தான் அடித்துத் தூற்றிக் காயும். எல்லா வீட்டுத் தானியமும் முடிந்து, புதுச் சாமையில் அம்மனுக்குப் பொங்கல் வைத்த பிறகுதான் அந்தப் பாறையில் வேறு எதுவும் படலாம். மிளகானாலும் சரி, காப்பியானாலும் சரி. யார் வீட்டு அறுவடை பின்தங்கினாலும் மற்றவர்கள் எல்லோரும் காத்திருப்பார்கள்.

"வாசல்ல காயப் போடலாமில்லீங்களா?"

"வாசல் மண்ணுங்க. பனி எறங்கினா பூசணம் பிடிச்சுக்கும். பாறைன்னா பகல் வெயிலைப் பிடிச்சு வெச்சுக்குமுங்க."

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். இவ்வளவு நல்ல சரக்கு ஒரு வழக்கத்துக்காகக் கிளையில் கிடந்து வீணாகிறதே என்று வருத்தப்பட்டேன், அந்த வருத்தத்தில் ஒரு பெருமையும் இருந்தது. பாறையைத் தொடாமல் காயவைக்க வழி செய்துவிட்டால் போதும். கால் நட்டு, இடுப்பு உயரத்தில் மூங்கில் தட்டிகள். ஆலைச் செலவிலேயே செய்து தரலாம். அதைப் பூவாயியிடம் சொன்னேன்.

"தட்டில போடறதுல தப்பில்லீங்க, பாறைல படாதே. ஆனா..." என்று எதையோ சொல்ல வந்தார்.

"ருசி மாறிடுமோன்னு பயப்படாதீங்க. ருசி செடியில இருக்குது" என்றேன் நான். அவர் அதைக் கேட்கவே இல்லை. இருந்தும் பதில் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஐப்பசியில் தட்டிகள் போய்ச் சேர்ந்தன. பழம் சிவந்ததும் பறித்துத் தட்டியில் பரப்பிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். செங்கோடன் திரும்பி வந்து, "அந்தம்மா இன்னும் ஆகலைங்கறாங்க" என்றார். "செவந்த பிறகு ஆகறதுக்கு இன்னும் என்னய்யா இருக்குது? பறிக்கச் சொல்லுங்க" என்று சிரித்தேன். அவரும் எனக்காகச் சிரித்தார். மறுபடி மலையேறிப் போய், ஆலையில் பறிக்கச் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். பூவாயி பறித்துவிட்டார்.

தை பிறந்தவுடனே சரக்கு வந்துவிட்டது. ஒரே சீரான நிறம், ஒரு பழுதில்லை. மேனேஜர் கைதட்டினார். வறுத்துக் கோப்பையில் ஊற்றினோம். உறிஞ்சினேன்.

ஒன்றுமில்லை. சுத்தமான காப்பி, அவ்வளவுதான். கொஞ்சம் பச்சை வாடை. ஆறவிட்டுக் குடித்தேன், ஆறிய சுத்தமான காப்பி. நாரத்தையும் இல்லை, தேனும் இல்லை. மறுநாள் மறுபடி வறுத்துப் பார்த்தேன், வேறு தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அதேதான்.

அந்த நேரத்தில் தலைமைச் சுவையாளர் மகள் கல்யாணத்துக்காக ஒரு மாத விடுப்பில் போயிருந்தார். மேனேஜருக்கோ பொறுமை இல்லை. ஆலையில் அப்போது ஒரு திட்டம் நடந்துகொண்டிருந்தது: பழைய மரங்களைப் பிடுங்கிவிட்டுக் குழி தோண்டி வைப்பவர்களுக்கு, துரு தாங்கும் புது ரக நாற்று கொடுப்பது. செங்கொழுந்தை மட்டும் என்ன செய்வது என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். "இந்த ரகத்துக்குத் தனி ருசி இருக்குதா இல்லையா? ரெண்டு வரி எழுதிக் கொடு" என்றார் மேனேஜர்.

இரண்டு வரி. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிகிறது. "தெரியவில்லை, பொறுங்கள்" என்று எழுதியிருக்கலாம். ஆனால் ருசி ரூமின் கெட்டிக்கார நாக்கு 'தெரியவில்லை' என்று எழுதுமா? முன்பு நானே தலையில் தூக்கி வைத்து ஆடிய காப்பி என்ற வெட்கம் வேறு. 'இந்த ரகத்தில் குறிப்பிடத்தக்க தனிச்சுவை இல்லை. முன்பு கண்ட சுவை தற்செயலானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே செங்கோடன் மூலம் மலைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்: மரங்களைப் பிடுங்கலாம், குழி தோண்டி ஆறப்போடலாம்.

மாசி பிறந்ததும் தலைமைச் சுவையாளர் வந்து சேர்ந்தார். கல்யாண லட்டு ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு அறிக்கையைப் படித்தார். கோப்பையையும் குடித்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, சாதாரணமாகக் கேட்டார்:

"எதை மாத்தினே?"

"செடி அதேதான். அதே மரங்கள், அதே..."

"செடியைக் கேட்கலை. நீ எதை மாத்தினே?"

தட்டி, பறித்த நாள், பாறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. மூன்றையும் மாற்றிவிட்டு நான் செடியைக் குற்றம் சொல்லியிருக்கிறேன். அவர் திட்டவில்லை. "மரம் இருக்குதா?" என்று கேட்டார். லட்டு கையிலேயே இருந்தது. அன்றைக்கே பஸ் பிடித்தேன்.

இந்த முறை வழியில் எங்கேயும் உட்காரவில்லை. ஊருக்குள் நுழைந்தபோது பாறையில் இன்னும் சாமைதான் கிடந்தது. அந்த வருடம் மழை பிந்தியதால் அறுவடையும் பிந்திவிட்டதாம், அம்மனுக்குப் பொங்கல் இன்னும் வைக்கவில்லை. பூவாயியின் வீட்டுக்குப் பின்னால் போனேன். பலாமரங்களுக்குக் கீழே வெயில் விழுந்துகொண்டிருந்தது. முன்பு அங்கே வெயில் விழாது. வரிசை வரிசையாகக் குழிகள். ஓரத்தில் காய்ந்துபோன காப்பி மரங்கள், விறகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. செம்புத் தளிர் சில கிளைகளில் அப்படியே சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தோட்டத்தின் கோடியில் பதினொரு மரங்கள் மட்டும் நின்றன. அவற்றில் பழம் இருந்தது, கறுத்துப் போய்.

பூவாயி மண்வெட்டியோடு வந்தார். "வாங்க சாமி" என்றார். முகத்தில் கோபம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"இதையெல்லாம் ஏனுங்க பிடுங்கலை?"

"தட்டி பத்தலீங்க. இதுல இருக்கறதைப் பாறைல போட்டுக்கலாம்னு உட்டுட்டேன். காய் நிக்கற மரத்தை எப்படிங்க பிடுங்கறது? பொங்கல் வெச்சு, பழம் எடுத்துட்டு, அப்புறமாப் பிடுங்கிடறேனுங்க. ஆலைல கோவிச்சுக்குவாங்களா?"

"பிடுங்காதீங்க. இனி ஒரு மரத்தையும் தொடாதீங்க."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "போன மாசம் பிடுங்கச் சொன்னதும் நீங்கதானுங்க. இப்ப வேண்டாங்கறதும் நீங்கதானுங்க. நாங்க எதைங்க நம்பறது?"

முன்பே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "செவந்த பழத்தை இன்னும் ஆகலைன்னு செங்கோடன்கிட்டச் சொன்னீங்களாமே. அது ஏனுங்க?"

பூவாயி ஒரு கிளையை வளைத்தார். ஒரே கொத்தில் கறுத்த பழங்களும், பின்னால் பூத்துச் சிவந்த ஒன்றிரண்டும் இருந்தன. ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு, இரண்டையும் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். "வாயில போட்டுப் பாருங்க" என்றார்.

உங்களிடம் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான கோப்பை குடித்தவன் நான். மரத்திலிருந்து ஒரு காப்பிப் பழத்தைப் பறித்து அதுவரை வாயில் போட்டதே இல்லை. சிவப்பைப் போட்டேன். வெள்ளரிப்பிஞ்சு மாதிரித் தண்ணீர், லேசாக ஓர் இனிப்பு. கறுப்பைப் போட்டேன். கொட்டையைச் சுற்றி ஒட்டியிருந்த அந்த வழவழப்பில் முதலில் நாரத்தை வாசம், பிறகு தேன், அந்தக் காரமான தேன். ருசி ரூமில் நான் விழுங்கிய கோப்பை முழுவதும் அந்த ஒற்றைப் பழத்துக்குள் இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூவாயி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"செவப்புல ஒன்னுமில்லீங்க. குருவிகூட அதைத் தொடாது. கறுத்ததைத்தான் நாங்க வாயில போடுவோம்" என்றார். "ஆனா எல்லா மரமும் அது வரைக்கும் பழத்தைப் பிடிச்சுட்டு நிக்காதுங்க. பச்சைக் கொழுந்து மரம் செவந்ததும் உதுத்துப்போடும். பாறை காலியாகறதுக்குள்ள பழமெல்லாம் மண்ணுல கெடக்கும். அதனாலதான் எங்க மாமனாரு அதையெல்லாம் வெட்டினாரு. பாறை வர்ற வரைக்கும் நிக்கற மரந்தான் இதுங்க."

அங்கேயே, தோண்டிய குழி ஒன்றின் கரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைமைச் சுவையாளர் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் இதுதான். செடி பாதி. மீதிப் பாதி, அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் வரை ஒரு ஊரே பொறுத்திருக்கும் வழக்கம். அந்த வழக்கம்தான் கலப்புக் கொட்டையிலிருந்து இந்த மரத்தைப் பொறுக்கி எடுத்தது, அந்த வழக்கம்தான் பழத்துக்கு இனிப்பை ஏற்றியது. நான் மெத்தப் படித்தவனாகப் போய் அதற்குத் தாமதம் என்று பெயர் வைத்து, அதை வெட்டிவிட்டு, மரத்தில் ஒன்றுமில்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். எல்லாம் பூவாயிக்குத் தெரிந்திருந்தது. தட்டிப் பேச்சு வந்த அன்றைக்கு "ஆனா" என்று தொடங்கியதும் இதைச் சொல்லத்தான்.

"அன்னைக்கே என்னைய அடிச்சுச் சொல்லியிருக்கலாமேங்க" என்றேன், என் குற்றத்தில் கொஞ்சம் அவர் தலையிலும் இறக்கி வைக்கிற ஆசையில்.

"நீங்க ஆலைல படிச்சவங்க. ருசி பாக்கறதே உங்களுக்குத் தொழிலுங்க. எனக்குத் தெரியறது உங்களுக்குத் தெரியாம இருக்கும்னு நான் நெனைக்கலீங்க" என்றார் பூவாயி.

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். என்னை யாரும் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு பலமாக அடித்ததில்லை.

மீதிக் கதை சின்னது. பதினொரு மரத்துப் பழமும் அந்த வருடம் பாறையிலேயே காய்ந்தது. பங்குனியில் செங்கோடன் ஒரே ஒரு மூட்டையை இறக்கி வந்தார். வேறு காப்பிகளோடு பெயர் தெரியாமல் வரிசையில் வைத்து மேனேஜரையே குடித்துப் பார்க்கச் சொன்னார் தலைமைச் சுவையாளர். ஆறவிட்டுத்தான். மேனேஜர் அந்தக் கோப்பைக்கே திரும்பத் திரும்ப வந்தார். அன்றைக்கே இரண்டாவது அறிக்கை எழுதினேன். 'எனது முந்தைய அறிக்கை தவறு. சுவை கெட்டதற்குக் காரணம் ரகம் அன்று, நான் செய்த மாற்றம்' என்று எழுதினேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "இதை எழுதாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார். அதற்குப் பிறகு பல வருடம் எனக்கு மேல்பதவி வரவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். வருத்தப்பட்டேன். ஆனால் பிடுங்கிய மரங்கள் முப்பத்திரண்டு. என் பதவியைத் தராசின் மறுதட்டில் வைத்தால் தட்டு அசையக்கூட அசையாது.

அம்மன் பொங்கலுக்கு முன்பே பதினொரு மரத்திலும் விதைக்கென்று பழம் ஒதுக்கி, பூவாயி அதைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்தி நாற்று விட்டார். புது ரகம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நாற்று மரமாகிக் காய்ப்பதற்குள் என்ன செய்வது? நான் தோண்ட வைத்த குழிகளுக்கு நடுவில் மரவள்ளி போட்டார். ஒவ்வொரு மார்கழியிலும் போவேன். அவர் வீட்டில் மரவள்ளிக்கிழங்கை அவித்துக் கொடுப்பார்கள், நானும் தின்பேன். அதைத் தின்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. பூவாயியின் கணவர் மாதம் ஒருமுறை வருவதும் குறைந்து, அடிவாரத்து வேலையிலேயே அந்த வருடங்களை ஓட்டினார்.

அறுபதுகளில் ஒரு மார்கழி. இளமரங்களில் முதல் பழம் சிவந்திருந்தது. பூவாயி ஒன்றைப் பறித்து என்னிடம் நீட்டி, "நீங்க சொல்லுங்க, எப்படி இருக்குது?" என்றார்.

நான் வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவர் அதைத் தன் வாயில் போட்டு, கொட்டையைத் துப்பிவிட்டு, பாறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பாறையில் சாமை நிறைந்து கிடந்தது. "இன்னும் ஆகோணுமுங்க" என்றார். நான் அந்த வருடம் வெறுங்கையோடு மலையிறங்கி, பங்குனி வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

இப்போது நம் ஆலைக்கு வருகிற செங்கொழுந்து எல்லாம் அந்தப் பதினொரு மரத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். மூட்டையை அனுப்பி வைப்பது பூவாயியின் மகள். உங்கள் கடிதத்தைப் பார்த்து அந்தப் பெண் கோபித்துக்கொள்வாள் என்று எனக்குப் பயமில்லை. பழம் சிவந்தவுடனே பறித்துவிடுவாள் என்றுதான் பயம். ஆலையிலிருந்து வந்த காகிதம், ருசி பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எழுதியது, அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொள்வாள். அவள் அம்மா அப்படித்தான் நினைத்தார்.